பத்தோடு நின்றுபோன பெயர்கள்

எனக்கு எழுபத்தொரு வயது. வளர்த்தது ஐந்து பேரை. பெற்றது மூன்று, தம்பி இறந்த பிறகு அவன் வீட்டிலிருந்து வந்தது இரண்டு. பனியன் கம்பெனியில் நாற்பத்தெட்டு வருடம் நின்றபடியே வேலை பார்த்து அந்த ஐந்து பேரையும் ஆளாக்கினேன். இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. போன மாதம் ஒரு மேடையில் வைத்து என்னை, "பாவம், படிக்காத பாட்டி" என்றார் ஒருவர். படிக்காதவள் என்பது உண்மை. பாவம் என்பது அவராகச் சேர்த்துக்கொண்டது.

நான் கடைசியாக வேலை பார்த்த வேலம்பாளையம் கம்பெனியில் புதிதாக ஒரு கேமரா மெஷின் வாங்கியிருக்கிறார்கள். லேபிளில் குறை இருந்தால் அதுவே கண்டுபிடித்து நின்றுவிடுமாம். அதற்கு ஒரு விழா வைத்துப் பழைய ஆட்களையும் கூப்பிட்டார்கள். மேனேஜர் தங்கவேல் மைக்கைப் பிடித்தார். "பத்து வருசத்துக்கு முன்னால தமிழ் எழுத்து சாஃப்ட்வேருல ஒரு சின்னக் கோளாறு வந்துதுங்க. நம்ம டீம் ஒரே நாள்ல கண்டுபுடிச்சுச் சரி பண்ணுச்சு. இந்தப் பாட்டிகூட உதவி பண்ணுனாங்க" என்றார். அதற்குப் பிறகுதான் அந்தப் பாவம்.

அது சின்னக் கோளாறு அல்ல. ஒரே நாளிலும் கண்டுபிடிக்கவில்லை, ஒன்பது நாள் ஆயிற்று. கண்டுபிடித்தது டீமும் அல்ல. இது மூன்றையும்கூடப் பொறுத்திருப்பேன். நூர்ஜஹான் என்ற பெயர் அவர் வாயிலிருந்து வரவில்லை. அதைத்தான் பொறுக்க முடியவில்லை. நான் எழுந்து மைக்கைக் கேட்டேன். சால்வையைப் போர்த்தி, "சாப்பாடு ஆறுதுங்கம்மா, வாங்க" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போய் இலையில் உட்கார வைத்துவிட்டார்கள். லேபிள் செக்‌ஷனில் இப்போது இருக்கிற பெண்கள் இரண்டு பேர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அது என்ன கோளாறுங்க, ஆத்தா?" என்று கேட்டார்கள். அன்று கோபத்தில் எனக்குப் பேச்சு வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

பள்ளிக்கூடம் எனக்கு இரண்டாம் வகுப்போடு சரி. பதினைந்து வயதில் கைமடியாக, அதாவது தையல்காரருக்குத் துணியை எடுத்துக் கொடுத்து மடித்து வாங்கும் ஆளாகச் சேர்ந்தேன். அப்புறம் பிசிறு வெட்டினேன், அப்புறம் செக்கிங். முப்பது வயதுக்கு மேல் லேபிள் பார்க்கப் போட்டார்கள். படிக்கத் தெரியாதவளை லேபிளுக்கு ஏன் போட்டார்கள் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். படித்தவர்கள் வார்த்தையைப் பார்ப்பார்கள். பாதி எழுத்து இல்லாவிட்டாலும் அவர்கள் மனசு அதை நிரப்பிக்கொண்டு போய்விடும். எனக்கு நிரப்பத் தெரியாது. அங்கே என்ன கோடு இருக்கிறதோ அதைத்தான் என் கண் பார்க்கும். சாம்பிள் லேபிளை மேலே வைத்து, அச்சடித்ததைக் கீழே வைத்து, ஒவ்வொரு துண்டாகச் சரிபார்ப்பேன். 'கா' எனக்கு ஓர் எழுத்து அல்ல, இரண்டு துண்டு: கானா ஒன்று, கால் ஒன்று. 'கெ' என்றால் கொம்பு ஒன்று, கானா ஒன்று. புள்ளி ஒரு துண்டு, சுழி ஒரு துண்டு. அப்படித்தான் நான் தமிழ் கற்றுக்கொண்டேன். எழுத்துக் கூட்டிப் படிக்க இன்றைக்கும் நேரமாகும். துண்டு எண்ணச் சொன்னால் கண்ணை மூடித் திறப்பதற்குள் சொல்வேன்.

லேபிள் வேலை எப்படி நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வழுவழுப்பான சாட்டின் நாடா ஒரு ரோலாக வரும். பிரிண்டரில் மாட்டி, கறுப்பு ரிப்பனைப் போட்டு, கம்ப்யூட்டரிலிருந்து அனுப்பினால் ஹெட் சூடாகி மையை நாடாவில் ஒட்டும். ரோல் மாற்றும்போதெல்லாம் ஆபரேட்டர் ஹெட்டை ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். அச்சான நாடாவை வெட்டி, ஐம்பது ஐம்பதாக ரப்பர் பேண்ட் போட்டு, மேலே ஒரு சீட்டு வைப்பார்கள். சீட்டில் இன் எத்தனை, அவுட் எத்தனை என்று இரண்டு கட்டம். என் மேஜைக்கு வந்தது ஐம்பது என்றால், நல்லதும் கெட்டதும் சேர்ந்து ஐம்பது வெளியே போக வேண்டும். நாற்பத்தொன்பது போனால் அந்த பண்டல் நகராது. இன்னுக்கும் அவுட்டுக்கும் கணக்கு ஒத்துப்போகாமல் நான் ஒரு பண்டலைக்கூட நகர்த்தியதில்லை. ரிஜெக்ட் ஆனதற்கு வேறு சீட்டு. அதில் ஆறு குறை அச்சடித்திருக்கும்: மை மங்கல், ஹெட் அழுக்கு, நாடா கோணல், வெட்டுத் தப்பு, அளவு தப்பு, நிறம் தப்பு. எதுவோ அதில் டிக் போட்டுக் கீழே கையெழுத்துப் போட வேண்டும். கம்ப்யூட்டர் குறை என்று ஒரு கட்டம் அதில் கிடையாது. கம்ப்யூட்டர் தப்புச் செய்யும் என்று அந்தச் சீட்டை அச்சடித்தவர்கள் நினைக்கவே இல்லை.

மேனேஜரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தங்கவேல் யாரையும் மரியாதை குறைவாகப் பேச மாட்டார். யாரையும் வா போ என்றதில்லை. உட்காரவும் மாட்டார். ஒரு மேஜை முன்னால் நின்று, ரிஜெக்ட் லேபிள் ஒன்றை எடுத்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்பார். பதில் வருவதற்குள் அடுத்த மேஜைக்கு நடந்துவிடுவார். பதில் சொல்ல வேண்டியவள் அவர் பின்னாலேயே ஓட வேண்டும். ஆளை அனுப்புவதென்றால், "ஊட்டுல கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க அம்மிணி, வேணும்னா கூப்புடறமுங்க" என்பார். அவர் யாரையும் திரும்பக் கூப்பிட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

நூர்ஜஹான் லேபிள் பிரிண்டர் ஆபரேட்டர். அப்போது அவளுக்கு நாற்பது வயது இருக்கும். பேச்சு குறைவு, கை சுத்தம். நான் அவளுக்கு அக்கா. மத்தியானம் அவள் டப்பாவிலிருந்து நானும் என் டப்பாவிலிருந்து அவளும் எடுத்துத் தின்போம். அவ்வளவு பழக்கம்.

அந்த வருடம் மலேசியாவிலிருந்து ஓர் ஆர்டர் வந்தது. அங்கே உள்ள தமிழ்ப் பள்ளிக்கூடங்களுக்கு விளையாட்டுச் சட்டை. ஒவ்வொரு சட்டையின் கழுத்து லேபிளிலும் அந்தந்தப் பிள்ளையின் பெயர் தமிழில் இருக்க வேண்டும். முன்பு இருந்த கம்பெனிகளில் நான் தமிழ் லேபிள் பார்த்திருக்கிறேன், இந்தக் கம்பெனியில் அதுவரை அடித்ததெல்லாம் இங்கிலீஷ் லேபிள். லேபிள் ப்ரோக்ராம் எழுதியவர் கார்த்தி, கோயமுத்தூரில் படித்துவிட்டு வந்த இன்ஜினியர். நாலு வருடமாகக் குறையில்லாமல் ஓடிய அந்த ப்ரோக்ராமிலேயே தமிழையும் சேர்த்துக் கொடுத்தார்.

முதல் நாள் வந்த பண்டல்களில் ஒன்றைப் பிரித்தேன். சாம்பிளுக்குப் பதிலாக வந்த பெயர்ப் பட்டியலில் 'விஜயலட்சுமி' என்று இருந்தது. லேபிளில் கடைசி மானாவின் மேல்சுழி இல்லை. 'பழனியம்மாள்' கடைசிப் புள்ளி இல்லை. இன்னும் நாலைந்து பெயர் அப்படியே. வால் பக்கம் கொஞ்சம் கொஞ்சம் காணோம். புள்ளி போனது, சுழி போனது என்றால் ஹெட்டில் அழுக்கு என்று, இந்த மாதிரி பிரிண்டர் வந்த பத்து வருடமாகப் பழகிய கை என் கை. ஷிப்மென்ட் நெருக்கம் வேறு. ரிஜெக்ட் சீட்டை எடுத்தேன், 'ஹெட் அழுக்கு' என்ற கட்டத்தில் டிக் போட்டேன், கையெழுத்துப் போட்டேன், அடுத்த பண்டலை எடுத்தேன்.

இதைச் சொல்லும்போது எனக்கு என் மேலேயே பற்றிக்கொண்டு வருகிறது. ஹெட்டில் அழுக்கு இருந்தால் நாடா நீளத்துக்கும் ஒரே இடத்தில் வெள்ளைக் கோடு விழும். எல்லா லேபிளிலும் விழும். அழுக்குக்கு விஜயலட்சுமி யார், கவிதா யார் என்று தெரியாது. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் டிக் போட்டேன்.

மறுநாள் காலை மேனேஜர் அந்தச் சீட்டோடு வந்தார். செக்‌ஷனில் இருபது பேர் இருந்தோம். நேராக நூர்ஜஹானின் மேஜை முன்னால் நின்றார்.

"அம்மிணி, இது என்ன பேருங்க?"

"விஜயலட்சுமிங்க, சார்."

"நல்லாப் பாத்துப் படிங்க. மி இருக்குதுங்களா?"

அவள் குனிந்து பார்த்தாள். "சுழி விழுகலீங்க."

"ஏன் விழுகலீங்க?"

"தெரியலீங்க, சார். ரோலுக்கு ஒருக்கா ஹெட்டைத் துடைக்கறனுங்க. நேத்து சந்தேகப்பட்டு என் பேரையே அடிச்சுப் பாத்தனுங்க. முழுசா விழுகுது."

மேனேஜர் கண்ணாடியைத் துடைத்தார். "கம்பெனி சொல்ற பேரு பாதி விழுகுது. உங்க பேரு மட்டும் முழுசா விழுகுது. நல்ல மெஷினுங்க."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். சிரித்தவர்கள் யார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியும். அவர் என் பக்கம் திரும்பினார்.

"மாராத்தாம்மா, இந்த டிக்கு உங்களுதுதானுங்களே?"

"ஆமாங்க."

நான் சொன்னது அந்த ஒரு வார்த்தைதான். நூர்ஜஹான் என்னைப் பார்த்தாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. நான் வேறு ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்த மாதிரி பார்த்தாள். மேனேஜர் வழக்கம்போல, "ஊட்டுல கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க அம்மிணி" என்றார். அடுத்த மேஜைக்கு நடந்துவிட்டார். அவர் பின்னால் அவள் ஓடவில்லை. டப்பாவை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு நடந்தாள்.

அவள் இடத்தில் ஒடிசாவிலிருந்து வந்த ஆபரேட்டர் ஒருவரை உட்கார வைத்தார்கள். அவரும் துடைத்தார். என் கண் முன்னால் மூன்று தடவை துடைத்துக் காட்டி, "ஏக்தம் சாஃப் ஹை, அம்மா" என்றார். சுத்தமாக இருந்தது, நானும் பார்த்தேன். திரும்ப அடித்த நாடாவிலும் விஜயலட்சுமிக்குச் சுழி இல்லை. அதே சுழி. வேறு நாடா, வேறு ரிப்பன், வேறு ஆள், குறை மட்டும் அதே இடத்தில்.

மூன்றாம் நாள் ஒரு நாடாவில் 'ஜெயலட்சுமி'யும் 'விஜயலட்சுமி'யும் அடுத்தடுத்து வந்தன. மேலது முழுசாக இருந்தது. கீழது அறுந்திருந்தது. இரண்டையும் மேஜையில் ஒட்டி வைத்துக்கொண்டு துண்டு எண்ணினேன். ஜெயலட்சுமிக்குப் பத்து. விஜயலட்சுமிக்குப் பதினொன்று. அறுந்த லேபிளில் நின்றதும் பத்து. பழனியம்மாளை எடுத்தேன்: பதினொன்று, நின்றது பத்து. கார்த்திகேயன் பதின்மூன்று. லேபிளில் 'கார்த்திகே' மட்டும் இருந்தது, எண்ணினால் பத்து. தமிழ்ச்செல்வி பதின்மூன்று. 'தமிழ்ச்செல' என்று நின்றிருந்தது. அதுவும் பத்து. நூர்ஜஹான் பெயரை எண்ணினேன். ஒன்பது. முழுசாக விழாமல் என்ன செய்யும்.

ஓடிப்போய்ச் சொல்லலாம் என்று எழுந்தேன். அதற்குள் 'லோகேஸ்வரன்' என்று ஒரு பெயர் கையில் வந்து மாட்டியது. என் கணக்குக்கு அது பதினொன்று. ஆனால் முழுசாக இருந்தது. அந்த ஒரு பெயர் என்னை அரை நாள் உட்கார வைத்துவிட்டது. ஒருத்தி வேலை போன விஷயம். அரைகுறைக் கணக்கோடு போய் நிற்க முடியாது. அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பட்டியல் முழுவதையும் எண்ணினேன். நாலு நாள் ஆயிற்று. லோகேஸ்வரன் மாதிரி என் கணக்குக்கு ஒத்துவராத பெயரெல்லாம் லோ, யோ, கோ, பொ என்று இரண்டு பக்கமும் அணைத்து நிற்கிற எழுத்து உள்ளவை. முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால். நான் இரண்டாக எண்ணுவதை மெஷின் ஒன்றாக எண்ணுகிறது போல என்று பிடிபட்டது. அப்படி எண்ணினால் ஒரு பெயர்கூடத் தப்பவில்லை. பத்து வரை முழுசு. பத்துக்கு மேல் அறுபட்டது.

மேனேஜரிடம் போனேன். முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு, "நல்லதுங்க மாராத்தாம்மா. லேபிளை எண்றதுதானுங்களே உங்க வேலை, எழுத்தை எண்ற வேலையை யாருங்க குடுத்தாங்க?" என்றார். அடுத்த மேஜைக்குப் போய்விட்டார். நான் பின்னால் ஓடவில்லை. கம்ப்யூட்டர் ரூமுக்குப் போனேன்.

கார்த்தி நல்ல மாதிரிதான். ஆனால் அவர் ப்ரோக்ராமைப் பற்றிப் பேசினால் அவர் பிள்ளையைக் குறை சொன்ன மாதிரி முகம் மாறும்.

"டெஸ்ட் பண்ணித்தானுங்க ஆத்தா குடுத்தேன். நாலு வருசமா ஓடுது. ஹெட்டைப் பாருங்க."

"என்ன பேரு போட்டு டெஸ்ட் பண்ணுனீங்க?"

"என் பேருதானுங்க. கார்த்தி."

"எட்டு" என்றேன்.

"என்ன எட்டு?"

"உங்க பேரு எட்டுத் துண்டு. அது அறுகாது. நூர்ஜஹானும் அவ பேரைப் போட்டுத்தான் பாத்தா, நீங்களும் உங்க பேரைப் போட்டுத்தான் பாத்தீங்க. அவளை ஊட்டுக்கு அனுப்பிட்டாங்க, உங்களுக்கு ஏசி."

அவர் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார். "எனக்கு ஒரே ஒரு லேபிள் அடிச்சுக் குடுங்க. கானா மட்டும் போடுங்க. இருவது கானா" என்றேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார். இருந்தாலும் தட்டினார். திரையில் இருபதும் வரிசையாக நின்றன. நானே எண்ணினேன். பிரிண்டரிலிருந்து லேபிள் வந்தது. கையில் கொடுத்து, "எண்ணுங்க" என்றேன்.

எண்ணினார். திரும்ப எண்ணினார்.

"இன் எத்தனைங்க?"

"இருவது."

"அவுட்?"

"பத்துங்க" என்றார். குரல் இறங்கிவிட்டது. அவராகவே இங்கிலீஷ் எழுத்து ஒன்றை இருபது தடவை போட்டு அடித்தார். இருபதும் வந்தன. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ப்ரோக்ராமைத் திறந்தார். கொஞ்ச நேரம் மேலும் கீழும் உருட்டினார். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டார்.

"என்னன்னு எனக்குப் புரியற மாதிரி சொல்லோணும்" என்றேன். "புரியாம இங்கிருந்து போகமாட்டேன்."

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரியே சொல்கிறேன். அந்த ப்ரோக்ராம் சி என்ற மொழியில் எழுதியது. அதற்குள்ளே ஒவ்வொரு எழுத்துத் துண்டும் ஒரே அளவான ஒரு பெரிய கட்டத்தில் இருக்கும். கானாவுக்கும் ஒரு கட்டம், புள்ளிக்கும் ஒரு கட்டம், இங்கிலீஷ் எழுத்துக்கும் ஒரு கட்டம். அகலமான கட்டம் என்பதால் அதற்கு வைட் கேரக்டர் என்று பெயராம். பிரிண்டருக்கு அந்த அகலக் கட்டம் ஆகாது. பைட் என்ற சின்னத் துணுக்குகளாக மாற்றி வரிசையாக அனுப்ப வேண்டும். மாற்றும்போது இங்கிலீஷ் எழுத்து ஒன்று ஒரே பைட் ஆகும். தமிழ்த் துண்டு ஒவ்வொன்றும் மூன்று பைட் ஆகும். மாற்றியதை வைக்க கார்த்தி ஒதுக்கியிருந்த இடம் முப்பத்திரண்டு பைட்.

"முப்பத்திரண்டுல மூணு மூணாப் போட்டா பத்துத் துண்டு" என்றேன். "முப்பது. மிச்சம் ரெண்டு. பதினொண்ணாவது துண்டுக்கு மூணு வேணும், நுழையாது."

"ஆமாங்க. துண்டைப் பாதியா உடைச்சு வெக்காது. இடம் பத்தலேன்னா அதோட நின்னுக்கும்."

"நான் ரெண்டா எண்ற லோ?"

"அது மெஷினுக்கு ஒரு லானா, ஒரு ஓகாரக் குறி. அவ்வளவுதானுங்க. நீங்க கண்டுபுடிச்சது சரிங்க."

அதுவரைக்கும் எனக்குப் பெரிய கோபம் இல்லை. இடம் குறைவாகப் போட்டுவிட்டார், மனிதர் செய்கிற தப்பு. துணி செக்கிங்கில் இருந்தபோது நானும் இடுப்பளவு குறைவாக இருந்த பண்டலை ஓகே போட்டு அனுப்பியவள்தான். ஒரு சந்தேகத்துக்காக மட்டும் கேட்டேன்.

"நின்னுக்கும்னு சொல்றீங்களே. நின்னா யாருகிட்டயும் சொல்லாதா?"

அவர் திரையில் ஒரு வரியின் மேல் விரலை வைத்தார்.

"சொல்லுமுங்க" என்றார். "மாத்தற கட்டளை, இத்தனை பைட்டு போட்டேன்னு ஒரு எண்ணைத் திருப்பிக் குடுக்கும். பேரு முழுசா மாறுச்சுன்னா கடைசில முடிஞ்சுதுன்னு ஒரு குறியும் வெக்கும். பாதில நின்னா அந்தக் குறி இருக்காது."

"அந்த எண்ணை நீங்க பாத்தீங்களா?"

"இல்லீங்க. வாங்கவே இல்லை."

"குறி இருக்குதான்னு பாத்தீங்களா?"

"இல்லீங்க. அந்த இடம் மொதல்லயே காலியாக் கிடந்ததுனால பேரு முடிஞ்ச மாதிரியே பிரிண்டருக்குத் தெரிஞ்சிருக்குது." பிறகு அவரே முனகினார், "வெக்கற இடத்தைக் காட்டாம வெறுங்கையோட மொதல்ல கேட்டா, இந்தப் பேருக்கு எத்தனை பைட்டு வேணும்னுகூட அது முன்னாடியே சொல்லுமுங்க."

எனக்கு அப்போதுதான் தலைக்கு ஏறியது. "ஏனுங்க, ரெண்டாங் கிளாஸ் படிச்ச நானு ஐம்பது லேபிளுக்கு இன் எழுதி அவுட் எழுதி கணக்குப் பாத்துட்டு நகத்தறேன். உங்க மெஷினு கணக்கை உங்க கையில குடுக்குது. கேட்டா முன்னாடியே சொல்றேங்குது. அதைக் கீழ போட்டுட்டு, அழுக்குன்னு சொல்லி ஒருத்தியை அனுப்பிட்டீங்க. என்ன படிப்புங்க அது?"

அவர் அன்றே திருத்தினார். எந்த மொழித் துண்டு வந்தாலும் போதும்படி ஒரு துண்டுக்கு நாலு பைட் என்று பெருக்கி, முடிவுக் குறிக்கு ஒன்று சேர்த்து இடம் ஒதுக்கினார். திருப்பிக் கொடுக்கிற எண்ணை வாங்கிப் பார்த்தார். பெயர் முழுசாக மாறவில்லை என்றால் அச்சடிக்காமல் நிற்கிற மாதிரி வைத்தார். தமிழ்ச்செல்வி முழுசாக வந்தாள். அது ஒன்பதாம் நாள். அதற்குள் இரண்டு பெட்டி கப்பலுக்குப் போய்விட்டது. புள்ளி போனதும் சுழி போனதும்தான் ரிஜெக்ட்டுக்குப் போனதே தவிர, 'கார்த்திகே' மாதிரி கடைசி எழுத்து உடையாமல் நின்ற பெயர்களை வேறு மேஜைகளில் ஓகே போட்டிருந்தார்கள். எந்த ஊரிலோ ஒரு பிள்ளை பாதிப் பெயரைக் கழுத்தில் வைத்துக்கொண்டு ஓட்டப் பந்தயத்துக்கு நின்றிருக்கும்.

கார்த்தியையும் கூட்டிக்கொண்டு மேனேஜரிடம் போனேன். கார்த்தி தப்பு தன்னுடையது என்று ஒளிக்காமல் சொன்னார். மேனேஜர் கண்ணாடியைத் துடைத்தார். "சின்னக் கோளாறுதானுங்களே, சரியாயிருச்சல்லங்க" என்றார்.

"நூர்ஜஹான்?" என்றேன்.

"வரச் சொல்லுங்க. யாருங்க வேண்டாம்னாங்க?"

அன்று சாயங்காலமே பஸ் ஏறி நல்லூரில் அவள் வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். டீ வைத்துக் கொடுத்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"வாரன்க்கா. அவரு எந்த மேசைகிட்ட நின்னு சொன்னாரோ, அங்கயே நின்னு, அத்தனை பேரு முன்னால, நூர்ஜஹான் மேல தப்பில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். அடுத்த நிமிசம் மெஷின்ல உக்காந்துக்கறேன்."

"எப்படியாச்சும் சொல்ல வெக்கறேன்" என்றேன்.

"உங்களையும்தான்க்கா சொல்றேன்" என்றாள்.

நான் டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் மேனேஜரிடம் கேட்டேன். அடுத்த நாளும் கேட்டேன். அந்த வாரம் முழுக்கக் கேட்டேன். செக்‌ஷன் நடுவில் நின்று சத்தம் போட்டே கேட்டேன். "அதெல்லாம் எதுக்குங்க, வந்தா வேலை இருக்குது" என்பார், நடந்துவிடுவார். நூர்ஜஹான் வரவில்லை. வேறொரு கம்பெனிக்குப் பேக்கிங் வேலைக்குப் போனாள். அங்கேயும், 'லேபிள் கெடுத்து அனுப்பப்பட்டவள்' என்ற பேச்சு அவளுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. பிரிண்டர் மெஷினை அவளிடம் யாரும் கொடுக்கவில்லை. இன்றுவரை அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருக்கிறாள். மெஷினைப் பிரித்துப் போட்டுச் சேர்க்கத் தெரிந்த கை.

மேனேஜரை நான் எவ்வளவு திட்டினாலும் அது அவருக்குத் தகும். ஆனால் அந்த வாரம் முழுக்க நான் போட்ட சத்தத்தில் ஒரு வார்த்தை இல்லை. 'டிக் போட்டது நான், அது தப்பு' என்று அந்த மேஜை முன்னால் நான் சொல்லவில்லை. முப்பது வருடமாக என் செக்கிங் தப்பியதில்லை என்று பெயர். அதை விடவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வருடம் அதே மேஜையில் நின்றேன், அப்போதும் சொல்லவில்லை. மேடையில் அவர் நூர்ஜஹான் பெயரை விட்டபோது எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, அதில் பாதி என் மேலே வந்தது. மைக் கொடுத்திருந்தால் சொல்லியிருப்பேனா என்று வீட்டுக்கு வந்து யோசித்தேன். அவரைப் பற்றிச் சொல்லியிருப்பேன். என்னைப் பற்றி இல்லை.

ஆகையால் இப்போது சொல்கிறேன். நூர்ஜஹான் ஹெட்டைத் துடைத்தாள். ரோலுக்கு ஒரு தடவை துடைத்தாள். ஹெட்டில் அழுக்கு இல்லை. தப்பு ப்ரோக்ராமில் இருந்தது. பார்க்காமல் டிக் போட்டவள் மாராத்தாள். மேனேஜர் கேட்டபோது ஆமாங்க என்று சொல்லி அவளை வெளியே அனுப்பியதும் மாராத்தாள். லேபிள் செக்‌ஷன் பெண்கள் இதை அச்செடுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒட்டட்டும். மேனேஜர் கிழித்தால் இன்னொன்று ஒட்டட்டும்.

அதற்கு முன்னால் நல்லூருக்குப் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் இருப்பாள். என் மகள் பெற்ற கண்ணு, நீயும் என் கூட வர வேண்டும். நான் எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தால் அவள் பாதியிலேயே போதும்க்கா என்று என் கையைப் பிடித்துக்கொள்வாள். நீ படித்தால் கடைசி வரை கேட்டாக வேண்டும். இவ்வளவு நேரம் நான் சொன்னதை எல்லாம் போனில் அடித்தாய் அல்லவா, இப்போது முதலிலிருந்து எனக்கு ஒரு தடவை படித்துக் காட்டு. மெதுவாகப் படி. நான் டிக் போட்ட இடத்தில் அம்மாயிக்குச் சங்கடம் என்று குரலைத் தாழ்த்தக் கூடாது. அதைத்தான் சத்தமாகப் படிக்க வேண்டும்.